வேம்பு டீச்சர் உடைத்த வீடு

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் வேம்புவின் முகத்தைவிட அவள் கைகளைத்தான் நிறையப் பேருக்குத் தெரியும். பொம்மைக் கம்பெனியின் செக்கிங் மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள். அச்சிலிருந்து எடுத்து நிழலில் காயவைத்த, இன்னும் சூளையைப் பார்க்காத பச்சைப் பொம்மைகளைப் பெண்கள் பலகையில் வைத்து இரண்டு கையாலும் தூக்கி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவள் முன்னால் நீட்டுவார்கள். வேம்பு ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். மயிரிழை விரிசல் கண்ணில் பட்டால் போதும். டக்கென்று இரண்டாக உடைத்துப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் டிரம்மில் போட்டுவிடுவாள். பிள்ளையாராக இருந்தாலும் புத்தராக இருந்தாலும் அதே டக்தான். சுடாத மண் உடைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஊறிக் கரைந்து மறுநாள் மறுபடியும் அச்சுக்குள் போகும். விரிசலோடு சூளைக்குப் போனால்தான் வம்பு.

இப்படிக் காலையில் நாலு கடவுளைக் கரைத்துவிட்டு மதியம் நிம்மதியாகத் தயிர்சோறு சாப்பிடும் பெண்கள் எங்கள் ஊரில் ஏராளம். வானம் இடிந்து விழுந்ததாக இதுவரை தகவல் இல்லை.

ஆனால் வேம்பு படித்தது பொம்மையை உடைப்பதற்கு அல்ல. அவள் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், தகுதித் தேர்விலும் தேறியவள். தேறியவர்களை வரிசையில் நிற்கவைத்துவிட்டு அந்த வரிசையையே மறந்துபோகும் கலை நம் நாட்டில் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடங்கள், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம் இல்லாத வாத்தியார்கள். இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியவர்களுக்கு வேறு வேலைகள் இருந்தன. காத்திருந்த காலத்தில் வேம்பு முப்பதைக் கடந்தாள்.

கம்பெனியில் மதிய நேரத்தில் மின்விசிறி நின்றுபோனால், அடுக்குகளில் காயும் வெள்ளைப் பொம்மைகள் அவளுக்கு ஒரு வகுப்பறையாகத் தெரியும். மூன்று வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். கடைசி வரிசையில் ஒன்று மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்குவதுபோல இருக்கும். வேம்பு மனசுக்குள் அதைத் தட்டி எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்பாள். அது சொல்லாது. மின்விசிறி மறுபடி சுற்றும்போது பலகை ஒன்று முன்னால் நீளும், வகுப்பு கலைந்துபோகும்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பள்ளிகளுக்குத் தன்னார்வ ஆசிரியர்களை அனுப்பும் ஓர் அமைப்பு ஆள் தேடுகிறது என்று அவளுக்குத் தெரியவந்தபோது, அவள் அம்மா அம்புஜவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சம்பளம் எவ்ளோ?"

"சம்பளம் இல்லம்மா. சாப்பாடு, தங்குற எடம் தராங்க. ஆறு மாசம்."

"சம்பளமே இல்லாத வேலைக்குக் கப்பல் ஏறிப் போவியா? இங்க சும்மா உக்காந்திருந்தாலும் சம்பளம் கெடையாதுதான். சோறு நான் போடுறேன், எடம் இந்தா இருக்குது. கப்பல் செலவு மிச்சம்."

அப்பா பாலகிருஷ்ணன் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். அதிகம் பேசாத மனிதர். "போவட்டும் வுடு. ஸ்கூலுல நிக்கணும்னு எத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்குது" என்றார். அம்மா காலண்டரைப் பார்த்து, பஸ் புறப்படும் நேரம் ராகுகாலம் என்றார். "அந்தப் பஸ்ஸுல டிரைவரு, கண்டக்டரு, அம்பது பேரு வராங்கம்மா. எல்லாரையும் ராகு ஒரே நேரத்துல எப்புடிப் பாக்கும்?" என்று சொல்லிவிட்டு வேம்பு பையைத் தூக்கினாள். "போயிட்டு வரேன்."

சேத்தியாத்தோப்பு தாண்டும்வரை பஸ்ஸில் அவளுக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. அதற்கப்புறம் எல்லாமே புதிது. நாகப்பட்டினத்தில் கப்பல். காங்கேசன்துறையில் இறங்கியபோது கால்களுக்குக் கீழே தரையும் அலைபோல ஆடியது. அங்கிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் ராத்திரி முழுக்க ஜன்னல் கண்ணாடியில் தலை மோதிக்கொண்டே வந்தது. தூங்கினாளா விழித்திருந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஓர் ஊரின் பெயர்ப்பலகை தமிழில் தெரிந்து மறைந்தது. வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோமா, சொந்த நாட்டிலேயே வழி தவறிவிட்டோமா என்று கனவுக்குள் யாரோ கேட்டார்கள்.

அட்டனில் விடிந்தது. அங்கிருந்து ஆட்டோ ஒன்று மேலே மேலே ஏறியது. சாலையின் இரண்டு பக்கமும் தேயிலை. தேயிலைக்கு மேலே மேகம் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மேகத்தை அண்ணாந்துதான் பார்க்க முடியும். இங்கே அது முழங்கால் உயரத்தில் ஊர்ந்து வந்து, ஆட்டோவுக்குள் புகுந்து, அவள் மடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபக்கமாக இறங்கிப் போனது.

தோட்டத்தின் மேல் டிவிசனில் ஆட்டோ நின்றது. தகரக்கூரை போட்ட நீளமான ஒரே கட்டடம்தான் பள்ளிக்கூடம். வாசலில் குடையோடு நின்ற அம்மையார் அதிபர் செல்வநாயகி. நம் ஊர்த் தலைமையாசிரியரை அங்கே அதிபர் என்பார்கள். இவர் தினமும் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அவரும் இன்னொரு ஆசிரியருமாக ஐந்து வகுப்புகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"கொஞ்ச நேரம் படுத்து எழும்புறீங்களா? பின்னால ஒரு ரூம் இருக்கு. ஒழுகும். ஆனா ஒரு மூலையில ஒழுகாது."

"இல்லீங்க மேடம். மொதல்ல கிளாஸ்."

செல்வநாயகி அவளை ஒரு பார்வை பார்த்தார். சிரித்தார். "வாங்க."

ஐந்தாம் வகுப்பும் அதற்குக் கீழே உள்ள சின்ன வகுப்பும் ஒரே அறையில் இருந்தன. உள்ளேயும் லேசாக மேகம் இருந்தது. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கவுனும் போட்ட பிள்ளைகள் மூன்று வரிசையில் எழுந்து நின்றார்கள். "வ...ண...க்...க...ம் டீச்சர்!" யாரும் வேம்புவை அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. நிஜமாகத்தான் நிற்கிறோமா என்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தியாவுலருந்து வந்திருக்காங்க. பேரு வேம்பு டீச்சர்" என்றார் அதிபர்.

"வேப்பமரமா டீச்சர்?" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

"ஆமா."

"கசக்குமா?"

"கணக்குத் தப்பாப் போட்டா மட்டும்" என்றாள். வகுப்பு சிரித்தது. அதிபர் நிம்மதியாக அடுத்த அறைக்குப் போனார்.

வேம்பு முதல் பாடத்தைப் பல வருடங்களாகத் தயார் செய்து வைத்திருந்தாள். நிழலைப் பற்றிய பாடம். காலையில் நீளமாகவும் மதியம் குட்டையாகவும் ஏன் விழுகிறது என்று பிள்ளைகளை வெளியே நிற்கவைத்துக் காட்ட வேண்டும். இங்கே நிழலே இல்லை. வெயில் இருந்தால்தானே. அவள் வெள்ளை மூட்டமான ஜன்னலைப் பார்த்தாள். பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியில் சொட்டு விழுந்தது. அந்தச் சத்தம், அந்த வெள்ளை வரிசைகள், கண்ணுக்குள் ராத்திரிப் பயணத்தின் மீதித் தூக்கம். கட்டடமே மெதுவாக ஆடுவதுபோல இருந்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். பத்து வயதிருக்கும். ஒரு பலகைத் துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பலகையின் மேல் களிமண்ணால் செய்த ஏதோ ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் அதை வேம்புவின் முன்னால் நீட்டினாள்.

வேம்பு அதை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஓரத்தில், மேலே தொடங்கிக் கீழே வரை ஒரு மயிரிழை ஓடியது.

டக்.

இரண்டு துண்டும் வாளித் தண்ணீருக்குள் போய் விழுந்தன. "பரவால்ல, பச்சையா இருக்கும்போதே பாத்துட்டோம். கரைச்சு வேற பண்ணிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் கை அடுத்த பொம்மைக்காக நீண்டது.

பலகை காலியாக இருந்தது. அதைப் பிடித்திருந்த சின்ன விரல்களையும் அந்த விரல்களுக்கு மேலே இருந்த முகத்தையும் அப்போதுதான் பார்த்தாள்.

அந்தச் சிறுமி அழவில்லை. வாளியை எட்டிப் பார்த்தாள். ஒரு துண்டில் சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் விளிம்பு தண்ணீரில் கரைந்து அகலமாகி, பிறகு காணாமல் போனது. சிறுமி பலகையைக் கக்கத்தில் இடுக்கி, பையை எடுத்துத் தோளில் மாட்டி, வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏய் துர்கா! துர்கா!" என்றான் வேப்பமரம் கேட்ட பையன். பிறகு வேம்புவைப் பார்த்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான்: "டீச்சர் வீட்ட ஒடச்சிட்டாங்க."

சின்ன வகுப்பிலிருந்து ஒரு குழந்தை எழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஆறு குழந்தைகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு துர்காவின் பின்னால் வெளியே போயின. வேம்பு வாசலுக்கு ஓடினாள். முதலில் துர்கா மேகத்துக்குள் போனாள். பிறகு ஒவ்வொரு வெள்ளைச் சட்டையாக அந்த வெள்ளைக்குள் போய்க் கலந்தது. கடைசிக் குழந்தை மறைவதற்கு முன் திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தில் கோபம்கூட இல்லை. யாரோ புறப்பட்டுப் போவதைப் பார்க்கும் முகம் அது. போய்க்கொண்டிருந்ததோ அதுதான்.

விஷயத்தைக் கேட்ட செல்வநாயகி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "ஒடச்சீங்களா? சும்மா கைதவறி விழல்லயே?"

"இல்லீங்க மேடம். ஒடைச்சேன். என் கை..." செக்கிங் மேசையில் போன பன்னிரண்டு வருடத்தை எப்படிச் சொல்வது?

"டீச்சர், நான் நேரா சொல்றேன். கீழ் லயத்து லைன் வீட்டுச் சின்னப் பிள்ளைங்க எல்லாம் துர்கா கையப் புடிச்சுத்தான் மேல வரும். பாதையில அட்டை, பாம்பு, ஓடை. அவங்க அம்மாமார் விடிய முன்ன கொழுந்து பறிக்கப் போயிருவாங்க. கூட்டிட்டு வர வேற ஆள் இல்ல. துர்கா வரல்லன்னா அந்த ஆறும் வராது. இருக்குறதே கொஞ்சப் பேரு. இன்னும் கொறைஞ்சா இந்தப் பள்ளிக்கூடத்த மூடிருவாங்க. எப்ப மூடலாம்னு பாத்துட்டுத்தான் இருக்காங்க."

"நான் போய் மன்னிப்புக் கேக்குறேங்க. நீங்களும் வந்தா..."

"நான் வரமாட்டேன். ஒடச்சது நீங்க." குரலில் கடுமை இல்லை. "நாளைக்குக் காலையில அந்தப் பிள்ள வந்தா நீங்க இங்க டீச்சர். வரல்லன்னா உங்கள வச்சுக்கிட்டு இங்க நான் என்ன செய்ய?"

பள்ளிக்கூடத்துக்கு மேலே ஒரு பாறையின் மீது நின்றால் மட்டும் போனில் சிக்னல் கிடைக்கும். இடைவேளையில் வேம்பு அதில் ஏறி நின்று விருத்தாசலத்துக்குப் பேசினாள். கம்பெனியில் அவளோடு வேலை செய்யும் சந்திரலேகாதான் அவளுக்கு அக்கா, தோழி எல்லாம்.

"அக்கா, ஒடைச்சிட்டேங்க்கா."

"இன்னாடி ஒடைச்ச?"

"வூடு."

"ஐயையோ! போன மொத நாளே வூட்ட ஒடைச்சியா? உன்ன நம்பி ஸ்கூலு எப்புடிடி குடுத்தாங்க?"

"மண்ணு வூடுக்கா. ஒரு பொண்ணு செஞ்சு எடுத்தாந்துது. பலகையில வச்சி நீட்டுச்சுக்கா. நம்ம ஜெயஸ்ரீ நீட்டுவா இல்ல, அதே மாதிரி. கை தானா போயிடுச்சு."

மறுமுனையில் சந்திரலேகா சிரித்தாள். சிரித்துவிட்டு நிறுத்தினாள். "விரிசல் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"அப்ப சரியாத்தான் பண்ணியிருக்க. கம்பெனியா இருந்தா." சந்திரலேகா குரலைத் தாழ்த்தினாள். "மண்ணு இருக்குது இல்ல? வேற செஞ்சு குடுத்துடு."

"மோல்டு இல்லியேக்கா."

"அடிப்பாவி" என்றாள் சந்திரலேகா. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

பாறையிலேயே வேம்பு உட்கார்ந்தாள். கம்பெனியில் எத்தனை ஆயிரம் உருவங்கள் அவள் கையைத் தாண்டிப் போயிருக்கும். ஒன்றுகூட அவளுடையதில்லை. அச்சு முதலாளியுடையது, பொம்மை வியாபாரியுடையது, விரிசல் மட்டும் தொழிலாளியின் கணக்கில் எழுதப்படுவது. யாருக்கும் சொந்தமில்லாததை உடைக்கும்போது கைக்கு வலிப்பதில்லை. அப்படி வலிக்காமல் போன கையைத்தான் அவள் கடல் தாண்டி எடுத்து வந்திருக்கிறாள். கீழே மேகம் கொஞ்சம் விலகியது. தேயிலைச் சரிவின் நடுவில் நீளமான லயம் ஒன்று தெரிந்தது. ரயில்பெட்டிகளைக் கோத்ததுபோல ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கதவுகள். மறுபடி மேகம் வந்து அதை மூடிக்கொண்டது.

பள்ளி விட்டதும் அவள் துர்காவின் மண் கரைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்கினாள். வேப்பமரம் கேட்ட பையன் ஓடை வரை வழி காட்டிவிட்டு ஓடிப்போனான். தண்ணீர் சிந்தாமல் நடக்கப் பார்த்ததில் இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தாள். லயத்தை அடைந்தபோது புடவையின் கீழ்ப்பாதி சேறாக இருந்தது. முதல் கதவில் நின்ற ராஜம்மாள் என்ற பெண்மணி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணி புடிக்கவா வந்தீங்க? பைப்பு அந்தப் பக்கம்."

"இல்லீங்க. துர்கா வூடு எதுங்க?"

"ஓ! நீங்கதான் அந்த டீச்சரா?" ராஜம்மாள் குரலை உயர்த்தி லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஏய் நடராசு! வீடு ஒடைக்கிற டீச்சர் வந்திருக்காங்க! கதவக் கெட்டியா சாத்து!"

எங்கெங்கோ கதவுகளுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. நடுக்கதவிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். துர்காவின் அப்பா நடராசன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கையில் இன்னும் கத்தி இருந்தது. அதைச் சட்டென்று கூரையில் செருகிவிட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். உட்கார வாசற்படிதான் இருந்தது.

"அது உள்ள இருக்கு. சோறும் திங்கல. பேச்சும் இல்ல."

"நான் வேணும்னு செய்யலீங்க. அது எனக்குக் குடுக்க வந்திச்சுன்னே தெரியாதுங்க."

"உங்களுக்குத்தான்" என்றார் நடராசன். "முன்ன டீச்சர்மார் வந்தாங்க. ஒருத்தரும் நெலைக்கல. தங்க வீடு இல்ல, ஒழுகுதுன்னு போயிட்டாங்க. புது டீச்சர் நாளைக்கு வாராங்கன்னு நேத்து பெரிய டீச்சர் சொன்னதும் இது ஓடையில மண் அள்ளியாந்து உக்காந்துருச்சு. டீச்சருக்கு வீடு கட்டிட்டா அவங்க போகமாட்டாங்களாம்." அவர் சிரித்தார். "எங்க தாத்தன் காலத்துலருந்து இந்தப் பத்தடிக் காம்பராதான். எங்களுக்கே ஒரு வீடு இல்ல. இது டீச்சருக்குக் கட்டுது பாருங்க."

இந்த மலைகளுக்கு ஆட்களை ஏற்றி அனுப்பிய ஊர்களில் எங்கள் ஆற்காட்டுச் சீமையும் உண்டு. பஞ்சத்துக்குப் பயந்து வந்தவர்கள் காட்டை வெட்டினார்கள், செடி நட்டார்கள், உலகமெல்லாம் காலையில் கண் விழிக்க ஒரு கோப்பை டீ கொடுத்தார்கள். இருநூறு வருடம் கழித்தும் அவர்களில் பெரும்பாலோர் படுத்துறங்கும் பத்தடி அறை அவர்கள் பெயரில் இல்லை. இதை விதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதிக்குக் கணக்குப்பிள்ளையும் காணிப் பத்திரமும் கிடையாது.

வேம்பு வாளியைக் கவிழ்த்தாள். தெளிந்த தண்ணீர் ஓடிப்போனது, அடியில் சாம்பல் நிற மண் தங்கியது. அதை அள்ளிப் படிக்கட்டில் போட்டுப் பிசைந்தாள். சுவர் ஒன்றை எடுத்து நிறுத்தினாள். அது மெதுவாக, களைத்தவன் உட்காருவதுபோல உட்கார்ந்தது. இன்னொன்று நிறுத்தினாள். அது முதல் சுவரின் மேலேயே சாய்ந்தது. காலையில் வெளியேறிய சின்னக் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள்.

"டீச்சருக்கு வீடு கட்டத் தெரியல்ல" என்றது ஒன்று.

"தெரியாது" என்றாள் வேம்பு. "எங்க ஊருல அச்சு இருக்குது. அதுல ஊத்துவோம், எடுப்போம். கையால செய்யத் தெரியாது எனக்கு."

"அப்ப எதுக்கு ஒடச்சீங்க?"

கேட்டது அந்தக் குழந்தை இல்லை. கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. உள்ளே இருட்டில் துர்காவின் ஒரு கண் தெரிந்தது.

"விரிசல் இருந்துது துர்கா. எங்க கம்பெனியில விரிசல் இருந்தா ஒடைச்சிடுவோம். கை பழகிடுச்சு. யாரு செஞ்சாங்க, யாருக்கு செஞ்சாங்கன்னு பாக்கவே மாட்டோம். அந்த மாதிரியே பண்ணிட்டேன். தப்பு."

"விரிசல் இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும். காய நேரம் இல்லன்னு அடுப்புப் பக்கத்துல வச்சேன், வெடிச்சிருச்சு. அதுக்காக ஒடைப்பாங்களா?" கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. ஒரு கை வெளியே வந்து, வாசலுக்கு மேலே கூரை வரை ஓடிய பிளவைக் காட்டியது. அதற்குள் கந்தலைத் திணித்து வைத்திருந்தார்கள். "எங்க காம்பராவுலயும் இருக்கு. இதையும் ஒடைப்பீங்களா?"

வேம்பு நிமிர்ந்து அந்தச் சுவரைப் பார்த்தாள். கம்பெனியின் ஜன்னல் வெளிச்சம் இல்லாமலே பிளவு பளிச்சென்று தெரிந்தது.

"இத ஒடைக்கத்தான் வேணும்" என்றாள்.

ராஜம்மாள் கையைத் தட்டிச் சிரித்தார். "சொன்னேன் பாத்தியா? வீடு ஒடைக்கிற டீச்சர்தான்!"

"ஒடைங்க டீச்சர்" என்றார் நடராசன். அவரும் சிரித்தார். ஆனால் கண்கள் சிரிக்கவில்லை. "தோட்டத்துத் தொரை பங்களாவுல ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒடைங்க. வேற கட்டித் தருவாங்கன்னா நானும் ஒரு கை போடுறேன்."

உடைக்க வேண்டியதை அந்த நாட்டில் மட்டுமா, எந்த நாட்டிலும் உடைக்க மாட்டார்கள். உடைக்கக் கூடாததைத்தான் கைகள் தேடிப் போகும். வேம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு, உட்கார்ந்துபோன சுவர்களை மறுபடியும் உருட்டினாள். மறுபடியும் நிறுத்தினாள். அவை மறுபடியும் விழுந்தன.

"அப்படி இல்ல டீச்சர்." துர்காவுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "தண்ணியா இருக்கு. மானாப்புல்லு நறுக்கிப் போடணும். டேய், புல்லு கொண்டாங்கடா."

குழந்தைகள் ஓடின. லயத்துக்குப் பின்னால் மலைமேட்டில் ஆளுயரம் வளரும் அந்தப் புல்லின் காய்ந்த தாள்களைக் கை கையாகக் கொண்டுவந்தன. துர்கா அதைக் கிள்ளிக் கிள்ளி மண்ணில் கலந்தாள். பிசைந்த மண்ணைப் பலகையில் தட்டினாள். சுவர் நின்றது. வேம்பு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் எதையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவில்லை. தடவித் தடவியே அவற்றுக்கு எல்லாம் தெரிந்தது. நான்கு சுவர், இரண்டு பக்கமும் சரியும் கூரை. பின்பக்கம் சமையலுக்குத் தனியாக ஒரு குசினி. லயத்தில் குசினியும் படுக்கையும் ஒன்றுதான். ஆனால் துர்கா கட்டும் வீட்டில் அப்படி இருக்காது.

"ஜன்னல் எத்தன டீச்சர்?"

"நீயே சொல்லு."

"முன்ன ஒண்ணுதான் வச்சேன். இப்ப ரெண்டு. நீங்க நெறைய அழுவீங்க போல, காத்து வேணும்."

வேம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேற்றுக் கை என்பதால் முகமெல்லாம் மண்ணாயிற்று. குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை அன்றைக்கு வேறில்லை. சிரித்துச் சிரித்து ஒன்று படிக்கட்டிலிருந்து உருண்டு விழுந்தது. மேகம் லயத்துக்குள் இறங்கி, ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்தபடி போனது. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் திரும்பி வந்தார்கள். துர்காவின் அம்மா கூடையை இறக்காமலேயே நின்று, சேறு பூசிய இந்தியா டீச்சரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் கை கழுவுங்க, ரொட்டி சுடுறேன்" என்று உள்ளே போனார்.

வீடு முடிந்ததும் துர்கா பலகையோடு தூக்கி அடுப்பிலிருந்து தூரமாக, காற்றுப்படும் மூலையில் வைத்தாள். நாளைக்குக் காயாது என்றாள். ஈரமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்திலேயே வைத்துப் பல நாள் மெதுவாகக் காயவிட வேண்டும். பிறகு வேம்புவின் முன்னால் வந்து நின்று, விரலை நீட்டி எச்சரித்தாள்.

"மேசையில நான்தான் வைப்பேன். நீங்க கையில வாங்கக் கூடாது. தொடக் கூடாது. பாத்தாப் போதும்."

"சரிங்க" என்றாள் வேம்பு.

ஆனால் பிள்ளைகள் சொல்வது ராத்திரிக்குள் மாறிவிடும். மறுநாள் காலையில் வேம்பு சீக்கிரமே பள்ளி வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் செல்வநாயகி குடையை மடக்கிக்கொண்டிருந்தார். மேல் லயத்துப் பிள்ளைகள் வந்தாயிற்று. கீழ்ப் பாதை முழுக்க வெள்ளை. பாதை இருக்கிறதா என்றே தெரியவில்லை. மணி அடிக்க வேண்டிய பையன் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதிபரின் முகத்தைப் பார்த்தான். அதிபர் கொஞ்சம் பொறு என்பதுபோலத் தலையசைத்தார்.

எதுவும் தெரிவதற்கு முன்னால் அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மெதுவா, மெதுவா வாங்க. ஓரமாப் போங்கடா. டீச்சர் வீடு வருது."

வேம்பு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வழிவிட்டு நின்றாள்.